என்னைக் கூட்டி வந்தவர்

கதையை விட்ட இடம் நினைவிருக்கிறதா? சலூன்காரர் மகள் பொடிசுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வீடு தரையில் நிற்கவில்லை.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். முதல் நாள் விழாவில், புதிதாகச் சேருகிற ஒவ்வொருவரும் தனக்குப் பாடம் சொன்ன ஒரே ஒரு ஆசிரியரை மேடைக்கு அழைத்து வர வேண்டும். "என்னை இங்கே கூட்டி வந்தவர் இவர்" என்று மாணவர் சொல்ல வேண்டும். பதிலுக்கு ஆசிரியர் ஒரு வாக்கியம் பேசலாம். ஒன்றே ஒன்றுதான். ஆசிரியர்களிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கல்லூரிக்குத் தெரியாதா?

பொடிசு யாரை அழைத்திருக்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது. "நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்ற அம்மா ஒரு வாரமாகப் பக்குவம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் விழா நாள் விடிந்துவிட்டது.

பொடிசு என்பது வீட்டுப் பெயர். இப்போது அவள் அப்பாவைவிட அரைத் தலை உயரம். கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அப்பா சலூனிலிருந்து சீட்டியடித்துக்கொண்டே வந்தார்.

"இன்னிக்குக் கடை லீவுன்னீங்க?" என்றாள் அம்மா.

"லீவுதான். ஒரே ஒரு தலைக்காகத் திறந்தேன். அது என்ன தலைங்கிறே! நாலு முடி அந்தப் பக்கம், நாலு முடி இந்தப் பக்கம். ஆனா இன்னிக்கு அந்த நாலும் ஜம்முன்னு இருக்கணும் இல்லையா? ஷேவிங், பவுடர், எல்லாம் என் செலவு."

பொடிசின் கையில் சீப்பு நின்றது.

"யாருக்குப்பா?"

"உன் கணக்கு சாருக்குத்தான். மேடை ஏறப்போறவர் தாடியோடவா ஏறுவார்?"

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அதிலேயே பாதி புரிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பாவுக்குப் பேச்சு ஓடும்போது கண் தெரியாது.

"போன வாரமே சொல்லிட்டேன்ல. 'சார், எங்க பொண்ணு உங்களைத்தான் கூட்டிட்டுப் போவா, வேற யாரு?' அப்படின்னேன். மனுஷனுக்குச் சோப்பு நுரைக்குள்ளேயே கண்ணு கலங்கிடுச்சு."

சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவரிடம் எதையாவது சொல்லிக்கொண்டிருக்காவிட்டால் அப்பாவுக்குக் கத்திரி ஓடாது. ஊரில் யாருக்கு எங்கே மாற்றல், எந்த வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எல்லாம் அந்த நாற்காலியில் முன்கூட்டியே முடிவாகிவிடும். நடக்காததையும் நடந்ததாகச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அதில் யாருக்கும் சேதம் இருந்ததில்லை.

"அப்பா, நான் சாரைக் கூப்பிடலை."

"என்னது?"

"பெரிய ஸ்கூல் இயற்பியல் மேடத்தைக் கூப்பிட்டிருக்கேன். அவங்க பேரைத்தான் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியும்."

அப்பா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

"சொல்லணும்னுதாங்க இருந்தேன். நீங்க எனக்கு எங்கே பேச இடம் கொடுத்தீங்க?"

"ஏன்?" என்றார் அப்பா. அதை மகளிடம்தான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

பொடிசு சீப்பில் சிக்கிய முடியை எடுக்கத் தொடங்கினாள். பதிலை நாம் சொல்லிவிடலாம்.

பெரிய பள்ளிக்குப் போவதற்கு முன்னால் அவள் சலூனுக்குப் பின்புறம் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் படித்தாள். அங்கே ஆறாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்தாள். முதல் வருஷம் வாயே திறக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்வதற்காவது திறக்க வேண்டுமே, அதற்கும் திறக்கவில்லை. வருஷக் கடைசியில் கணக்கு சார் சலூனுக்கு வந்து, "இன்னொரு வருஷம் எங்ககூட இருக்கட்டும். அவளுக்கு என்ன அவசரம்?" என்றார். ஃபெயில் என்ற வார்த்தையை அந்தப் பள்ளியில் ஒருவரும் உச்சரிக்கவில்லை.

மறு வருஷம் ஆசிரியர் அறையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். காலையில் வந்ததும் அங்கே போய் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். எந்தக் கேள்வியானாலும் சரி. கேட்டுவிட்டு வகுப்புக்குப் போகலாம். எத்தனையோ நாள் கேட்காமலே போனாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலி மட்டும் மறுநாளும் அங்கேயே இருந்தது.

அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், உங்க முடியெல்லாம் எங்கே போச்சு?"

கணக்கு சார் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு சலூனுக்கே ஓடி வந்தார். "பேசிட்டா! என் தலையைப் பத்தித்தான் பேசினா, பரவாயில்லை!" என்று வாசலிலேயே கத்தினார்.

அதற்குப் பிறகு அவள் வாய் மூடவில்லை. அப்பன் ரத்தம் எங்கே போகும்? பெரிய பள்ளியில் இடம் கிடைத்ததும், அங்கே முதல் வரிசைக்கு வந்ததும், இந்தக் கல்லூரி வரை வந்ததும் அந்த நாற்காலியில் தொடங்கியதுதான். அது அவளுக்கே தெரியும்.

ஆனால் பெரிய பள்ளியில் அவள் ஒருவரிடமும் அந்த இரண்டாவது வருஷத்தைச் சொல்லவில்லை. பிறந்த நாள் வந்தால் ஒரு வயதைக் குறைத்துச் சொன்னாள். அம்மாவும் தான் வேலை செய்கிற மருந்துக் கடையில் அப்படியே சொல்லி வைத்திருந்தாள். இப்போது சார் மேடை ஏறி மைக்கைப் பிடித்தால்? ஒரு வாக்கியம் போதுமே. 'ஆறாம் வகுப்பில் இரண்டு வருஷம் இருந்த பெண் இன்று' என்று தொடங்கிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் மேடத்தின் பெயரைக் கொடுத்தாள். கொடுத்த நாளிலிருந்து சலூன் வழியாக நடப்பதை விட்டுவிட்டாள்.

அப்பா செருப்பை மாட்டினார்.

"நான் போய்ச் சொல்லிடறேன். வாய் என்னோடதுதானே. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னான்?"

* * *

நடுநிலைப் பள்ளி வாசலில் கூட்டம். அப்பா தெருமுனையிலேயே தயங்கினார்.

கணக்கு சார் இரவல் கோட்டில் நின்றுகொண்டிருந்தார். கோட்டின் தோள் அவர் தோளைத் தாண்டித் தொங்கியது. தலைமை ஆசிரியை அவர் காலரைச் சரி செய்துகொண்டிருந்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மொத்தமும் கம்பிக் கதவைப் பிடித்துத் தொங்கின.

"வாங்க வாங்க!" என்றார் தலைமை ஆசிரியை. "நீங்களே கூட்டிட்டுப் போக வந்துட்டீங்களா? இங்கேயிருந்து போற பிள்ளைங்க மேல போனதும் பெரிய ஸ்கூலைத்தான் சொல்லும். அது இயற்கைதான், நாங்க தப்பா எடுத்துக்கிறதில்லை. உங்க பொண்ணு எங்களை மறக்கலை பாருங்க. காலையிலேருந்து ஒருத்தருக்கும் பாடம் நடத்தத் தோணலை."

அப்பா வாயைத் திறந்தார்.

கதவில் தொங்கிய பிள்ளைகள் கைதட்டின.

வாயை மூடிக்கொண்டார். எத்தனை பேர் தலையைக் குனிய வைத்துப் பேசித் தீர்த்த மனிதர்! தன் தலை குனிந்தபோது ஒரு வார்த்தை வரவில்லை.

பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். பஸ்ஸில் சார் காலைத் தூக்கிக் காட்டினார்.

"புது ஷூ. எப்படி இருக்கு? லேஸ் இல்லாததா பார்த்து வாங்கினேன். மேடையில லேஸ் அவிழ்ந்து நான் தடுக்கி விழுந்தா பிள்ளைக்குத்தானே தலைகுனிவு?"

"நல்லா இருக்கு சார்."

"கொஞ்சம் கீச்சுக் கீச்சுங்குது."

"போகப் போகச் சரியாயிடும் சார்."

அதற்கு மேல் அப்பாவால் ஜன்னலைத்தான் பார்க்க முடிந்தது. தன் நாக்கைத் தானே பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கல்லூரி அரங்கில் சாரைக் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இங்கே சொல்லிவிட வேண்டியதுதான் என்று குனிந்தார். சார் அவரை முந்திக்கொண்டார்.

"மத்த டீச்சர்லாம் மேடைக்குப் பக்கத்துல நிக்கிறாங்களே?"

"அது... அவங்க முதல்ல போறவங்க சார். பொடிசு பேரைக் கூப்பிடுவாங்க. அப்போ போனாப் போதும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஒரு பொய்யை மூட இன்னொரு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூட இதைவிடக் கெட்டிக்காரர்கள்.

* * *

மேடைப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பொடிசு வரிசையில் நின்றாள். பக்கத்தில் இயற்பியல் மேடம். நல்லவர். வரிசையில் முன்னும் பின்னும் நின்ற பிள்ளைகளோடு பொடிசுக்கு அதற்குள் பழக்கமாகிவிட்டது. எல்லோரும் அவளைவிட ஒரு வயது இளையவர்கள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

இந்த அரங்கம் அவளுக்குப் புதிதில்லை. நடுநிலைப் பள்ளியில் வருஷா வருஷம் ஆறாம் வகுப்பை பஸ்ஸில் ஏற்றி இங்கே கூட்டி வருவார்கள். சுற்றிக் காட்ட மாட்டார்கள். "நூலகம் எங்கேன்னு கண்டுபிடிச்சுப் போ", "கேன்டீனுக்குப் போ" என்று ஆளுக்கொரு இடம் சொல்லி விட்டுவிடுவார்கள். வழியை இங்கே படிக்கிறவர்களிடம் வாய் திறந்து கேட்டுத்தான் போக வேண்டும். "பின்னால வரப்போற இடம். இப்பவே வழி தெரிஞ்சு வெச்சுக்கோங்க" என்பார் சார். ஆறாம் வகுப்பின் இரண்டாவது வருஷத்தில், பொடிசு ஒரு தூணைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சார் தூரத்தில், அவளைப் பார்க்காதது போல ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் யாரிடமோ "நூலகம் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் அவர் அந்த மரத்தை விட்டு நகர்ந்தார்.

"கண்ணு."

அப்பா. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சொல்லிட்டீங்களாப்பா?"

"வாய் வரலைம்மா. சார் வந்திருக்கார். கடைசி வரிசை." வரிசைக்காகக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கையைப் பிடித்தார். "தப்பு என் மேலதான். நீ மேடத்தோடயே ஏறு. ஆனா ஒரு வார்த்தை, 'அதோ, எங்க கணக்கு சாரும்தான்'னு கையைக் காட்டிடு. போதும். அந்த மனுஷன் அதுலயே நிறைஞ்சிடுவார்."

"பார்க்கிறேன்பா."

"பார்க்கிறேன்னு சொல்லாதே."

"வரிசை நகருது, போங்க."

அம்மா பெற்றோர் பகுதியில் இருந்தாள். கணவர் போகிற வேகத்தையும், கடைசி வரிசையில் பளபளத்த அந்தத் தலையையும் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வாரம் அவள் பார்த்த பக்குவம் இப்போது கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

பொடிசின் பெயரை அழைத்தார்கள்.

பொடிசும் மேடமும் படியேறினார்கள். அதே நேரத்தில் அரங்கின் கடைசியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. கீச். கீச். கீச்.

சார் நடுப்பாதையில் வந்துகொண்டிருந்தார். கோட்டைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக, வேகமாக வந்தார். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தார். மேடையில் பொடிசுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

சத்தம் நின்றது.

பொடிசின் கையில் மைக் இருந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். 'அதோ, அவரும்தான்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். கையைத் தூக்கினால் போதும். கையைத் தூக்கினால் அவரை மேடைக்கு அழைப்பார்கள். அழைத்தால் மைக்கைக் கொடுப்பார்கள். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கேட்பார்கள்.

"என்னை இங்கே கூட்டி வந்தவர்..." என்று தொடங்கினாள். தரையைப் பார்த்தாள். "...இவங்க."

சார் நடுப்பாதையில் சட்டென்று குனிந்தார். ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார். பக்கத்து வரிசைக்காரர்கள் கால்களை ஒதுக்கி இடம் விட்டார்கள். பாவம், யாரோ பெற்றவர், படம் எடுக்க முன்னால் ஓடியவர் போலிருக்கிறது, லேஸ் அவிழ்ந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அந்த ஷூவில் லேஸே கிடையாது என்பது அந்த அரங்கில் அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மேடம் மைக்கை வாங்கினார்.

"ஒரு வாக்கியம்தான்னு சொன்னாங்க. நான் ரெண்டு சொல்றேன், மன்னிக்கணும். இந்தப் பொண்ணுக்கு நான் மேல் மாடிதான் கட்டினேன். அஸ்திவாரம் யார் போட்டாங்களோ தெரியலை, நிஜமா இங்க நிக்க வேண்டியவங்க அவங்கதான்."

அரங்கம் கைதட்டியது. பொடிசுக்கு முகம் எரிந்தது. கீழே, நடுப்பாதையில், குனிந்திருந்தவர் எழுந்து நின்றார். எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினார். தட்டிக்கொண்டே, குதிகாலைத் தூக்கி, ஷூ சத்தம் போடாமல் பின்னால் போனார்.

* * *

விழா முடிந்து வெளியே வந்தபோது சார் அந்தப் பழைய மரத்தடியில் நின்றிருந்தார். கோட்டைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார்.

"மேடையில நல்லா நின்னே. தோளைக் குறுக்கலை. அப்படித்தான் நிக்கணும்."

பொடிசுக்கு ஆறாம் வகுப்பின் முதல் வருஷம் போல வாய் ஒட்டிக்கொண்டது.

அம்மாதான் முன்னால் வந்தாள். "சார், தப்பு எங்களோடது. அவர்கிட்ட நான் சொல்லியிருக்கணும். சொல்லாம..."

"அட, விடுங்கம்மா. பஸ்ஸுல வந்தேன், நல்ல காத்து. லீவும் கிடைச்சுது."

அப்பா தொண்டையைச் செருமினார். "சார், கேட்கக் கூடாது. மேடைக்குப் போயிருந்தா என்ன சொல்றதா இருந்தீங்க?"

சார் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பெருசா ஒண்ணுமில்லை. 'வழி தெரியலைன்னா வாய் திறந்து கேட்கிற பொண்ணு.' அவ்வளவுதான். ஒரு வாக்கியம்தானே? நேத்து ராத்திரி முழுக்க மாத்தி மாத்தி யோசிச்சு இதுதான் தேறிச்சு."

அதில் ஆறாம் வகுப்பு இல்லை. இரண்டாவது வருஷம் இல்லை. அவள் எதற்குப் பயந்தாளோ அது அவர் நினைப்பிலேயே இல்லை. பொடிசுக்கு அழுகை வரவில்லை. அழுதாலாவது கொஞ்சம் குறைந்திருக்கும். மண்ணுக்குள் போய்விடலாம் என்று சொல்வார்களே, அது இவ்வளவு உண்மையான ஆசை என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

பஸ் வருகிற நேரம். அப்பாவும் அம்மாவும் முன்னால் நடந்தார்கள். சார் அவளோடு பின்தங்கினார். புது ஷூ கீச்சிட்டது.

"அந்த ரெண்டாவது வருஷத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார் தாழ்ந்த குரலில். "நீ ஏன் என்னைக் கூப்பிடலைன்னு நடுவழியில நின்னப்போதான் புரிஞ்சுது. அதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை."

அது பொய் என்று இருவருக்கும் தெரிந்தது.

"ஆனா உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். அடுத்த மாசம் எங்க ஆறாம் வகுப்பு இங்க வருது. வழி கேட்டு அலையும். அதுல ஒரு பொண்ணு. இது அவளுக்கு ரெண்டாவது வருஷம். ஆசிரியர் அறையில அதே நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கா. இன்னும் வாயைத் திறக்கலை." நின்றார். "அவகிட்ட உன்னைப் பத்திச் சொல்லட்டுமா? இந்த மாதிரி ஒரு அக்கா இதே நாற்காலியில உட்கார்ந்திருந்தா, இப்போ அந்தக் காலேஜ்ல இருக்கான்னு? நீ சரின்னாத்தான். வேண்டாம்னா சொல்ல மாட்டேன்."

பொடிசு வாய் திறந்தாள். பஸ் வந்து நின்றது.

"இப்பவே சொல்ல வேண்டாம். யோசிச்சு வை. நான் முடி வெட்ட வரும்போது அப்பாகிட்டச் சொல்லி அனுப்பு."

சார் முன் வாசல் வழியாக ஏறிக்கொண்டார். பின் வாசல் பக்கம் நின்ற அப்பாவுக்கு, சார் சொன்னது காதில் விழுந்துவிட்டது. வழி நெடுக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கூட, இவர் நம் சலூன்காரர்தானா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். வீட்டுத் தெருவில் இறங்கி, சார் கைகாட்டிவிட்டுப் பள்ளிப் பக்கம் போன பிறகு, அப்பா சலூன் கதவைத் திறந்தார். விளக்கைப் போட்டார். காலையில் சாருக்குப் போர்த்திய துணி நாற்காலியிலேயே கிடந்தது. அதை எடுத்து உதறினார். உதிர்ந்தது நாலு முடிதான்.

"உன் பதிலை நான் எடுத்துட்டுப் போக மாட்டேன் பொடிசு" என்றார், அவளைப் பார்க்காமல். "சரின்னாலும், வேண்டாம்னாலும். என் வாய் இன்னியோட சரி. நீயே போய்ச் சொல்லு."

அவள் வாசலில் நின்றாள். பின்னால் பள்ளியில் மாலை மணி அடித்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே வந்தன. கூப்பிடு தூரம்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் கத்தாமல், யாரோடும் சேராமல், சலூனைத் தாண்டி நடந்து போனாள்.